எஃப்1 அழுத்திவிட்டுப் பேசுங்கள்

அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்ட் பக்கம் காலை ஒன்பதரை மணிக்கு நின்று பாருங்கள். ஷிஃப்டுக்குப் போகிற கூட்டத்துக்கு நடுவே, தோளில் லேப்டாப் பையோடு சில பிள்ளைகள் தெருத் தெருவாகப் பிரிந்து போவார்கள். பி.காம். முடித்து, கூடவே டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஒரு கோர்ஸும் முடித்து, ஆவடியிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்கள். வேலைக்குப் பெயர் சப்போர்ட் எக்சிக்யூட்டிவ். லைசென்ஸ் புதுப்பிப்பது, டேட்டா திறக்கவில்லை என்றால் ஓடிப்போய்ச் சரிசெய்வது, ஜி.எஸ்.டி. தேதி நெருங்கினால் காதிலிருந்து போனை எடுக்காமல் பதில் சொல்வது என்று நாள் ஓடும். இதோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும்: கஸ்டமருக்கு ஆட்-ஆன் சொல்வது. மாதத்துக்கு இத்தனை என்று டார்கெட் வைக்கிற இடங்களும் உண்டு.

யாரிடம் எதைச் சொல்வது, யாரிடம் எதையும் சொல்லாமல் திரும்பி வருவது என்கிற அந்த ஒரு வேலையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பல வருடம் இதே எஸ்டேட்டில் இந்த வேலையைச் செய்தவன் நான். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு விலைப்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்களே தவிர, கஸ்டமரின் கம்ப்யூட்டரைப் படிக்க யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தக் கவலைதான் எழுத வைத்தது.

முதலில் திரை

டேலிபிரைமில் எஃப்1 அழுத்தினால் உதவி மெனு வரும். அதில் 'டி.டி.எல். அண்ட் ஆட்-ஆன்' என்ற இடத்துக்குப் போனால், அந்தக் கம்ப்யூட்டரில் என்னென்ன ஆட்-ஆன்கள் ஏற்றப்பட்டிருக்கின்றன என்று பட்டியலாகத் தெரியும். டி.டி.எல். என்பது டேலிக்கென்றே உள்ள நிரல் மொழி. அதில் எழுதி, டி.சி.பி. கோப்பாக மூடிக் கொடுப்பதைத்தான் நாம் ஆட்-ஆன் என்கிறோம். கஸ்டமரிடம் போன ஐந்து நிமிடத்துக்குள், டீ வருவதற்குள், இந்தப் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். "உங்க சிஸ்டத்துல என்னென்ன போட்டிருக்கீங்கன்னு ஒரு தடவை பாத்துக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டுப் பாருங்கள். அது அவர்கள் வீட்டு அலமாரி மாதிரி.

மண்ணூர்பேட்டை பக்கம் ஒரு சி.என்.சி. பட்டறை. கீழே மிஷின், மாடியில் சின்ன ஆபீஸ். கணக்குப் பார்ப்பது ஒரு அக்கா. பட்டியலைத் திறந்தால் ஆறு ஆட்-ஆன்கள் இருந்தன: இன்வாய்ஸ் ஃபார்மட், டி.சி. (டெலிவரி சலான்) பிரின்ட், இ-இன்வாய்ஸ், வாட்ஸ்அப், செக் பிரின்ட், பார்கோடு. பார்கோடு மட்டும் பிழை காட்டிக்கொண்டு நின்றது. ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"செக் பிரின்ட்டா? அது முன்னாடி இருந்த அண்ணன் போட்டது தம்பி. இப்ப எல்லாம் நெஃப்ட்தானே." பார்கோடு என்றதும், "அது ஓனரோட மச்சான் எங்கியோ பாத்துட்டு வந்து போடச் சொன்னாரு. ஒரு நாள்கூட ஓட்டல" என்றார். இ-இன்வாய்ஸ் ஆட்-ஆன், டேலி தானே நேரடியாக இ-இன்வாய்ஸ் எடுக்கத் தொடங்குவதற்கு முன்னால் வாங்கியது. பிறகு தேவைப்படவே இல்லை. ஆறில் மூன்று வெறுமனே உட்கார்ந்திருந்தன.

அப்போதுதான் கீபோர்டுக்குப் பக்கத்தில் இருந்த லாங் சைஸ் நோட்டைப் பார்த்தேன். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நான்கு கட்டம்: வந்த மெட்டீரியல், போன பீஸ், ரிஜெக்ட், ஸ்கிராப். ஒரு பெரிய கம்பெனி ராடு அனுப்பும். இவர்கள் கடைந்து பீஸாகத் திருப்பி அனுப்புவார்கள். யாருடைய சரக்கு எவ்வளவு நம்மிடம் நிற்கிறது என்பது டேலியில் இல்லை, அந்த நோட்டில்தான் இருந்தது. தினமும் சாயங்காலம் முக்கால் மணி நேரம் அதற்கே போகிறது என்றார்.

பட்டியலில் இருப்பது இதுவரை வாங்கியது. பட்டியலுக்கு வெளியே கையால் எழுதுவதுதான் இனித் தேவைப்படுவது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சொல்ல வேண்டியது என்ன என்று தெரியும்.

அங்கே நான் விற்றது எதுவும் இல்லை. டேலியிலேயே எஃப்11-இல் ஜாப் ஆர்டர் பிராசஸிங் என்றொரு வசதி உண்டு. அதை ஆன் செய்தால் மெட்டீரியல் இன், மெட்டீரியல் அவுட் வவுச்சர்கள் வந்துவிடும். அடுத்தவர் சரக்கை நம் ஸ்டாக்கோடு கலக்காமல் தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆன் செய்து, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். அந்த ஓனர் பிறகு அதே தெருவில் மூன்று பட்டறைகளுக்கு என் நம்பரைக் கொடுத்தார்.

ஒரே பெயர், இரண்டு வேலை

அம்பத்தூரில் 'ஜாப் ஒர்க் ஆட்-ஆன்' என்று கேட்காத ஆள் இல்லை. ஆனால் கேட்பவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாருங்கள். வேலைக்குச் சரக்கு அனுப்புகிற முதலாளியா, அதை வாங்கிச் செய்து கொடுப்பவரா? அனுப்புகிறவருக்கு, யாரிடம் எத்தனை நாளாகச் சரக்கு நிற்கிறது என்பது கவலை. ஜி.எஸ்.டி. சட்டப்படி ஜாப் ஒர்க்குக்குப் போன இடுபொருள் 1 வருடத்துக்குள்ளும், இயந்திரம் போன்ற மூலதனப் பொருள் 3 வருடத்துக்குள்ளும் திரும்ப வேண்டும், ஐ.டி.சி.-04 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டியவரும் அவர்தான். செய்து கொடுப்பவருக்கு அந்தப் படிவமே கிடையாது. அவருக்கு டி.சி.யும் லேபர் பில்லும் ஒன்றோடொன்று பொருந்தினால் போதும். பெயரைப் பார்த்து ஒரே ஆட்-ஆனை இருவருக்கும் தள்ளினால் ஒருவர் கட்டாயம் திட்டுவார்.

இடம் மாறினாலும் பட்டியல் மாறும். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலைகளுக்குச் சரக்கு கொடுக்கிற சின்ன யூனிட்டுகளுக்கு டெண்டர், டெபாசிட், தாமதமாக வரும் பேமென்ட் ஆகியவற்றைத் தொடர்வதுதான் பெரிய வேலை. ஆவடி மார்க்கெட் துணிக்கடைக்குப் பார்கோடும் வேகமான பில்லிங்கும். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் நிற்கிற குடோன்களுக்கு இ-வே பில், வண்டி நம்பர், பல குடோன் ஸ்டாக். ஒரு ஏரியாவில் நன்றாகப் போகிறது என்று இன்னொரு ஏரியாவுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

எக்செலில் ஒரு மாலை நேரம்

இப்போது கொஞ்சம் கணக்கு. பயப்பட ஒன்றுமில்லை, பெருக்கல் வகுத்தல்தான்.

நீங்கள் போய்வந்த ஒவ்வொரு கஸ்டமருக்கும் எக்செலில் ஒரு வரிசை போடுங்கள். பக்கத்தில் ஒவ்வொரு ஆட்-ஆனுக்கும் ஒரு கட்டம். உண்மையில் ஓடுகிறது என்றால் 1, இல்லை என்றால் 0. 'ஏற்றியிருக்கிறது, ஆனால் ஓட்டுவதில்லை' என்பதற்குத் தனிக் குறி கட்டாயம் வேண்டும். அதையும் 1 என்று எழுதினால் மொத்தக் கணக்கும் பொய் சொல்லும்.

கணக்குக்காக 200 கஸ்டமர் என்று வைத்துக்கொள்வோம். இன்வாய்ஸ் ஃபார்மட் ஆட்-ஆன் 150 பேரிடம் இருக்கிறது. ஜாப் ஒர்க் ரெஜிஸ்டர் 40 பேரிடம். அந்த 40 பேரில் 32 பேரிடம் இன்வாய்ஸ் ஃபார்மட்டும் இருக்கிறது. அதாவது 80 சதவீதம். பார்த்தவுடன், 'ஜாப் ஒர்க் போட்டவர்கள் எல்லாம் இன்வாய்ஸ் ஃபார்மட் வாங்குகிறார்கள்' என்று மேனேஜர் சொல்லிவிடுவார். நிதானியுங்கள். 200 பேரில் 150 பேர் என்றால் பொதுவாகவே 75 சதவீதம் பேரிடம் அது இருக்கிறதே! 75 இடத்தில் 80. இரண்டுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

இப்போது டி.சி. பிரின்ட் எடுங்கள். மொத்தத்தில் 50 பேரிடம், அதாவது 25 சதவீதம். ஜாப் ஒர்க் வைத்திருக்கிற 40 பேரில் 30 பேரிடம், அதாவது 75 சதவீதம். மூன்று மடங்கு. இங்கே உறவு இருக்கிறது. ஆக, ஜாப் ஒர்க் இருந்து டி.சி. பிரின்ட் இல்லாத மீதி 10 பேரைப் போய்ப் பார்ப்பதில் அர்த்தம் உண்டு. போய்ப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கணக்கு. 10 பேருக்கும் அது தேவை என்று தீர்ப்புச் சொல்வதற்கு இல்லை.

இந்த மாதிரிக் கணக்கைப் பெரிய அளவில் வேகமாகச் செய்ய வழி கண்டவர்களில் ஒருவர் நம் ஊரில் படித்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும், ராகேஷ் அகர்வாலும் ஐ.பி.எம். அல்மேடன் ஆய்வகத்தில் இருந்தபோது 1994-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில்தான் 'அப்ரியோரி' என்ற முறை வந்தது. எந்தப் பொருளை வாங்குகிறவர்கள் கூடவே எதை வாங்குகிறார்கள் என்பதை லட்சக்கணக்கான பில்களிலிருந்து தோண்டி எடுக்கிற முறை. இன்று டேட்டா அனலிடிக்ஸ் பாடத்தில் சப்போர்ட், கான்ஃபிடன்ஸ், லிஃப்ட் என்று நடத்துகிறார்களே, மேலே நாம் பார்த்த மூன்று மடங்குதான் அந்த லிஃப்ட். இன்டர்வியூவில் கேட்டால் அம்பத்தூர் டி.சி. பிரின்ட்டை உதாரணமாகச் சொல்லுங்கள். புத்தகத்தில் வருகிற பிரெட்-வெண்ணெய் கதையைவிட அது உங்களுடையது.

பெரிய மென்பொருள்களிடம் கற்க இருப்பது

வேர்ட்பிரஸில் இணையதளம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும். புதிய பிளக்-இன் சேர்க்கிற பக்கத்தில் 'ரெகமெண்டட்' என்றொரு பகுதி இருக்கும். நீங்களும் மற்றவர்களும் நிறுவியிருக்கிற பிளக்-இன்களை வைத்து இந்தப் பரிந்துரை தரப்படுகிறது என்று அங்கேயே எழுதியிருப்பார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பிளக்-இன் அட்டையிலும் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, உங்கள் பதிப்போடு ஒத்துப்போகிறதா என்று காட்டுவதுதான். சோதித்துப் பார்க்கப்படவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லும். நாம் கஸ்டமரிடம் இத்தனை நேர்மையாகப் பேசுகிறோமா?

ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசருக்காக மொஸில்லா 'டார்' என்ற பரிந்துரை முறையைக் கட்டியது. ஒருவர் நிறுவியிருக்கிற நீட்சிகளைப் பார்த்து, அவரைப் போன்றவர்கள் வேறென்ன வைத்திருக்கிறார்கள் என்று அது தேடியது. ஆனால் எதுவுமே நிறுவாத புதிய ஆள் வந்தால்? அப்போது அவருடைய மொழி, பகுதி போன்றவற்றை வைத்து யூகிக்க இன்னொரு பிரிவு இருந்தது. பல பிரிவுகளும் சொல்வதைச் சேர்த்து எடைபோட ஒன்று தனியாக. நமக்கும் புது லைசென்ஸ் வாங்கிய கஸ்டமர் என்றால் பட்டியல் காலியாகத்தான் இருக்கும். அவர் தொழில், அவர் தெரு, அவருடைய ஆடிட்டர் கேட்கிற ரிப்போர்ட், இவற்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்தத் தனிப்பட்ட பரிந்துரை வேண்டாம் என்றால் நிறுத்திவிடவும் ஃபயர்ஃபாக்ஸில் வழி வைத்தார்கள். "இந்த மாதிரி மெசேஜ் அனுப்பாதீங்க" என்று ஒரு கஸ்டமர் சொன்னால் நம் சென்டரில் அதற்கு ஒரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

நிரல் எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் வி.எஸ். கோட் இன்னும் ஒரு படி மேல். பைதான் கோப்பு ஒன்றைத் திறந்தால், பைதானுக்கான நீட்சியைப் பரிந்துரைக்கும். என்ன வைத்திருக்கிறாய் என்பதோடு நிற்காமல், இப்போது என்ன வேலை செய்துகொண்டிருக்கிறாய் என்றும் பார்க்கிறது. அந்த அக்காவின் லாங் சைஸ் நோட்டைப் பார்த்ததும் இதே வேலைதான்.

நான் செய்த தவறு

திருமுல்லைவாயில் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடை. அதைப் போன்ற கடைகள் பலவற்றில் ஒரு பில்லிங் ஆட்-ஆன் நன்றாக ஓடியது. அந்தக் கடைக்காரருக்கும் சொன்னேன், வாங்கினார். ஏற்கெனவே அவரிடம் வேறொருவர் எழுதிய இன்வாய்ஸ் ஃபார்மட் இருந்ததைப் பட்டியலில் பார்த்தேன்; பார்த்தும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டும் ஒரே வவுச்சர் திரையை மாற்றுகிறவை. நான் போட்டது மாதம் 9-ஆம் தேதி. 10-ஆம் தேதி காலை பில் பிரின்ட்டில் ஜி.எஸ்.டி. நம்பர் வரவில்லை, டிஸ்கவுண்ட் கட்டம் இடம் மாறி நின்றது. மறுநாள் ஜி.எஸ்.டி.ஆர்-1 கடைசித் தேதி. கடையில் கஸ்டமர் வரிசையில் நிற்க, அவர் கார்பன் வைத்துக் கையால் பில் எழுதினார். என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னதாலதான் போட்டேன்" என்று மட்டும் சொன்னார். அது இன்னும் காதில் இருக்கிறது.

அன்றிலிருந்து இரண்டு பழக்கம். மாதம் 8 முதல் 11 வரையும், ஜி.எஸ்.டி.ஆர்-3பி தாக்கலுக்கு 20-ஆம் தேதியை ஒட்டிய நாட்களிலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் புதிதாக எதுவும் ஏற்றுவதில்லை. அடுத்தது, புதியதை முதலில் டேட்டாவின் நகல் ஒன்றில் ஏற்றி, ஏற்கெனவே இருக்கிற ஆட்-ஆன்கள் எல்லாம் ஓடும்போதே ஒரு பில், ஒரு ரசீது, ஒரு டி.சி. அடித்துப் பார்ப்பது. பேக்கப் எடுக்காமல் மவுஸைத் தொடுவதே இல்லை.

விற்காமல் இருக்க வேண்டிய இடங்கள்

மென்பொருளின் புதிய பதிப்பு வரும்போதெல்லாம் பழைய ஆட்-ஆன்களில் சில தேவையில்லாமல் போகும். டேலிபிரைம் 4.0-இல் வாட்ஸ்அப் மூலம் பில் அனுப்புவதும், எக்செலிலிருந்து விவரம் ஏற்றுவதும் உள்ளேயே வந்துவிட்டன. அதுவரை இவை இரண்டும் நன்றாக விற்ற ஆட்-ஆன்கள். கஸ்டமர் எந்தப் பதிப்பில் இருக்கிறார், அவருடைய டி.எஸ்.எஸ். சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சந்தா இருந்தால் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டாலே வேலை முடிந்துவிடும். அந்த இடத்தில் ஆட்-ஆன் விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் உள்ளே இருக்கிற வசதி அவருடைய வேலைக்குப் போதாது என்று இருவரும் செய்து பார்த்து முடிவு செய்தால், அப்போது தாராளமாகச் சொல்லுங்கள்.

இ-இன்வாய்ஸும் அப்படித்தான். 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்களுக்கு அது கட்டாயம். அந்த எல்லைக்குக் கீழே இருக்கிற பட்டறைக்காரரைப் பயமுறுத்தி விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரு முறை விற்கலாம். ஆடிட்டர் உண்மையைச் சொன்ன பிறகு அந்தத் தெருவிலேயே நுழைய முடியாது.

பென்டிரைவில் நண்பன் கொடுத்த டி.சி.பி. கோப்பை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றாதீர்கள். ஆட்-ஆன் என்பது டேலிக்குள்ளேயே ஓடுவது. லெட்ஜர், பார்ட்டி பெயர், விலை எல்லாவற்றையும் அதனால் படிக்க முடியும், வெளியே அனுப்பவும் முடியும். யார் எழுதியது, நாளைக்கு டேலி மாறினால் யார் சரிசெய்து கொடுப்பார் என்று தெரியாத ஒன்றைக் கஸ்டமரின் கணக்குக்குள் விடுவது, முன்பின் தெரியாத ஆளைக் கல்லாவில் உட்கார வைப்பது போல.

பேசும் விதம்

ஓனரிடம் ஒரு மாதிரி, அக்கவுண்டன்டிடம் ஒரு மாதிரி. ஓனர் கேட்பது எவ்வளவு மிச்சமாகும் என்று. அக்கவுண்டன்டின் பயம் வேறு: இன்னொரு திரையைக் கற்க வேண்டுமா, தப்பு வந்தால் யார் தலையில் விழும். முதலில் அக்கவுண்டன்டிடம் பேசுங்கள். "அக்கா, இதுல எது உங்களுக்கு நெஜமா உதவுது, எது தொந்தரவு பண்ணுது?" என்று கேட்டாலே பாதி விஷயம் வெளியே வந்துவிடும். அவர் ஒத்துக்கொள்ளாத எதையும் ஓனர் வழியாகத் திணிக்காதீர்கள். மூன்றாவது மாதம் அது பிழை காட்டிக்கொண்டு பட்டியலில் நிற்கும்.

ஒரு முறைக்கு ஒரே பரிந்துரை. காரணத்தை ஒரே வரியில் சொல்ல முடிய வேண்டும்: "நீங்க டி.சி. நம்பரை ரெண்டு தடவை டைப் பண்றீங்க, இது இருந்தா ஒரு தடவை போதும்." அப்படிச் சொல்ல முடியவில்லை என்றால் அன்று பரிந்துரை இல்லை. கமிஷன் உண்டா என்று கேட்டால் உண்டு என்றே சொல்லுங்கள்.

எங்கே போகலாம் இதை வைத்து

இரண்டு வருடம் இப்படிக் குறித்துவைத்த எக்செல் தாள் ஒன்று உங்களிடம் இருந்தால், அது சர்டிபிகேட்டைவிடக் கனம். கஸ்டமர் பெயர்களை நீக்கிவிட்டு, எண் மட்டும் போட்டுக் காட்டுங்கள். டி.டி.எல். எழுதக் கற்றால் விற்பவரிலிருந்து செய்பவராக மாறலாம். அம்பத்தூரிலேயே தனியாக நின்று ஆட்-ஆன் எழுதிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். இன்னொரு பாதை, ஆப் மார்க்கெட்பிளேஸ் நடத்துகிற நிறுவனங்கள். சென்னையில் வளர்ந்த ஜோஹோவுக்கும் ஃபிரெஷ்ஒர்க்ஸுக்கும் தனி மார்க்கெட்பிளேஸ்கள் உண்டு. எந்தக் கஸ்டமருக்கு எந்த நீட்சியைக் காட்டுவது, நிறுவியபின் எத்தனை பேர் கழற்றிவிடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கேயும் அன்றாடக் கேள்விகள். கஸ்டமர் சக்சஸ், பார்ட்னர் சப்போர்ட், புராடக்ட் அனலிஸ்ட் என்ற பெயர்களில் வேலை அறிவிப்பு வரும்போது, இது நமக்கான வேலையா என்று யோசித்து ஒதுங்கிவிடாதீர்கள். கொஞ்சம் எஸ்.கியூ.எல்., கொஞ்சம் பைதான் கற்றுக்கொண்டு போங்கள். கஸ்டமரின் மேசை முன்னால் உட்கார்ந்த அனுபவம் அங்கே பலருக்கு இருக்காது.

மண்ணூர்பேட்டை அக்காவின் லாங் சைஸ் நோட்டில் இப்போது மூன்று கட்டங்கள் காலியாக இருக்கின்றன. ஸ்கிராப் எடை மட்டும் இன்னும் கையால்தான் எழுதுகிறார், ஏனென்றால் எடை போடுவது கீழே, கம்ப்யூட்டர் மேலே. கீழே இருக்கிற பையனின் போனிலிருந்து அதை நேராக டேலிக்குக் கொண்டுவர முடியுமா என்று போன வாரம் கேட்டார். இந்தச் சனிக்கிழமை போய்ப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.